பரவை வீட்டில் நான் சொல்லாமல் விட்டது

சௌந்தரபாண்டி அண்ணன் இறந்துவிட்டார்.

முந்தாநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லை.

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். நான் அங்கே டெலிபோன் ஆபரேட்டர். எனக்குப் பார்வை கிடையாது என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

நேற்று பரவையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். துக்கத்துக்கு வந்திருந்த ஒரு அம்மா, "தம்பி என்ன வேலை பாத்துச்சு?" என்று கேட்டார்.

அண்ணனின் மூத்த சகோதரர் பதில் சொன்னார். "ஏதோ ஆபீஸ் வேலை. வீட்டுக்கு வந்தா கம்ப்யூட்டர்ல கேமு. ஒரு இடம் வாங்கிப் போட்டானா, ஒரு வீடு கட்டுனானா... ஆடியே காலத்தை ஓட்டிட்டான்."

அவர் ஆடவில்லை, எழுதினார். இது என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சாவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, இவர் கேம் எழுதுகிறவர் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. "நல்ல மனுசன்" என்று மட்டும் முனகினேன்.

ஆட்டோவில் திரும்பும்போது காதெல்லாம் சுட்டது. அத்தனை பேரில் விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அண்ணன் எழுதியது வெறும் எழுத்தால் ஆன கேம். படம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. 'கதவு பூட்டியிருக்கிறது' என்று ஸ்க்ரீனில் கதை வரும். என்ன செய்யப்போகிறோம் என்று நாம் டைப் பண்ண வேண்டும். சாவியைத் தேடலாம், கதவைத் தட்டலாம், திரும்பிப் போகலாம். நாம் சொல்வதற்கு ஏற்றபடி கதை நகரும்.

காலேஜ் படிக்கும்போது இங்கிலீஷில் அப்படி ஒன்றை ஆடியிருக்கிறார். தமிழில் ஏன் இல்லை என்று தானே எழுத உட்கார்ந்தவர். ஆபீஸ் நேரம் போக, வருஷக்கணக்காக.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் என் சீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, உன் கம்ப்யூட்டர் இதை வாசிச்சுக் காட்டுதான்னு மட்டும் பாரு."

ஸ்க்ரீனில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் வசதி என் கம்ப்யூட்டரில் உண்டு. அது வாசித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அதுவரை யாரும் ஆடச் சொல்லி என்னிடம் ஒரு கேமைக் கொடுத்ததில்லை.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு இருட்டு அறை. 'விளக்கு இல்லாமல் இங்கே நடந்தால் செத்துப்போவாய்' என்று வந்தது.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். "என்னண்ணே இது? நான் தெனமும் பெரியார் பஸ் ஸ்டாண்டுல பஸ் மாறி வாரேன். இன்னும் சாகலையே!"

நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது. டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதன் பிறகு பல நாள் என் சீட் பக்கமே வரவில்லை.

வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "மன்னிச்சுக்கம்மா. எல்லாத்தையும் கண்ணை வச்சே எழுதியிருக்கேன். எனக்குத் தோணவே இல்லை. வெக்கமாப் போச்சு."

"விடுங்கண்ணே, சிரிப்புக்குத்தான் சொன்னேன்."

"நீ சிரிச்சதுதான் தாங்கல."

அந்தக் கேமை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டார். முதலிலிருந்து வேறொன்று எழுதினார். ஒவ்வொரு பகுதியையும் என்னை ஆடவிட்டு, நான் எங்கே தயங்குகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பார். 'அங்கிட்டுப் போ' என்று நம் பேச்சிலேயே அடித்தாலும் புரிந்துகொள்கிற மாதிரி செய்தார்.

கதை பரவை மார்க்கெட்டில் நடக்கும். கரண்ட் போயிருக்கும். கூட்டத்தில் தொலைந்த அப்பாவை ஒரு பெண் தேடுவாள். வெங்காய மூட்டை வாசம் ஒரு பக்கம், கொத்தமல்லி ஒரு பக்கம், காலடியில் ஈரச் சாக்கு... எங்கோ தள்ளி அப்பாவின் இருமல்.

அந்த அப்பாவின் கையைப் பிடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்னால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் அப்படித்தான். அழகர்கோவில் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவன் கதை, மூடிய குடோனுக்குள் மாட்டிக்கொண்ட லோடுமேன் கதை... என்னைப் போன்றவர்கள் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் எல்லாவற்றையும் சும்மாவே கொடுத்தார்.

கொட்டாம்பட்டியிலிருந்து ஒருவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "அண்ணே, நேத்துப் பூரா உங்க மார்க்கெட்லதான் சுத்துனேன். வீட்ல சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதுல விழல." அண்ணன் அதை என் பக்கத்திலேயே உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஒருமுறை ஏதோ ஒரு காலேஜில் காட்டப் போனார். "படம் எங்க சார்?" என்று பையன்கள் சிரித்தார்களாம். அதன் பிறகு வெளியே யாரிடமும் காட்டவில்லை.

"வீட்லயாவது போட்டுக் காட்டலாம்லண்ணே?"

"என்னன்னு சொல்ல? தலை நரைச்சவன் கேம் எழுதுறேன்னா சிரிக்க மாட்டாங்களா?"

இன்று காலையில் அவர் மனைவி லதா மதினி போன் பண்ணினார்.

"தங்கச்சி, அவரு போன்ல மெசேஜா வந்துக்கிட்டே இருக்கு. யார் யாரோ பேசுறாங்க... ஒரு ஆளு தேம்பித் தேம்பி அழுவுறாரு. யாரும்மா இவங்கல்லாம்?"

சொன்னேன். நேற்று சொல்லாத எல்லாவற்றையும் சொன்னேன்.

மதினி, "பக்கத்துலயேதான இருந்தேன். என்ன பண்றீங்கன்னு ஒருநா கேட்டதில்லையே நான்" என்றார். பிறகு அவரே கேட்டார்.

"எனக்கு அதைப் போட்டுக் காட்டுறியா? அவுக அண்ணன் இங்க இருக்கும்போதே வா, அவரும் பாக்கட்டும்."

என்னிடம் இருக்கும் மார்க்கெட் கேமை பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் பரவைக்குப் போகிறேன்.

நல்லபடியாப் போங்கண்ணே.