வடிவாம்பாள் விற்காத வண்டி

வடிவாம்பாளைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதி புளுகு. நான் எதிர்வீட்டுக்காரன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, பட்டு நெசவுக் குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். ஆனால் புருஷன் உமாபதிக்குத் தறியில் உட்காரவே பிடிக்காது. ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் காரை வாங்கி, கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாகத் திரிந்தான். பெண்டாட்டிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். ஏனாத்தூர் ரோட்டில் அவள் ஓட்ட, இவன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு வந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவள் லைசென்சும் எடுத்துவிட்டாள் என்றதும் சிரிப்பு நின்று முணுமுணுப்பு ஆரம்பித்தது.

அறுபத்தேழில் உமாபதி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. காரியம் முடிந்ததும் அவனுடைய அண்ணன் குமாரசாமி, "இனிமே வீட்டோட இரும்மா. ராட்டையில நூல் சுத்திக்கினு இரு, நாங்க சோறு போடறோம்" என்றார். என்ன தாராளம்! அவர் தறிகளுக்கு நூல் சுற்ற ஆள் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாதா? வடிவாம்பாள் அந்த ராட்டையைத் தொடவேயில்லை. மறுமாசம் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். பொம்பளை ஓட்டுகிற கார் என்று வெளியூர்ப் பெண்கள் தைரியமாக ஏறினார்கள்.

இரண்டு வருஷம் வண்டி ஒழுங்காக ஓடியது. அறுபத்தொன்பதில் ஆயுத பூஜை கழிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது, வண்டிக்கும் சீக்கு பிடித்துக்கொண்டது. காலையில் கிளப்பினால் உடம்பெல்லாம் உதறும், இடறும், இருமும், மூச்சை விடும். நாலு சிலிண்டரில் ஒன்றிரண்டு எரியாமல் போவதை ஷெட்காரர்கள் மிஸ்ஸிங் என்பார்கள். அந்த மிஸ்ஸிங். ஏறி உட்கார்ந்த சவாரி இறங்கி ஜட்கா பிடித்துப் போயிற்று.

தெருவுக்கு வாய் கேட்கவா வேண்டும்? குமாரசாமியே ஆரம்பித்து வைத்தார். "தாலியறுத்தவ கை பட்டா வண்டி எப்படி ஓடும்? பூஜை வரைக்கும் ஏதோ தம்பி புண்ணியத்துல ஓடிச்சு" என்றார், அவள் காதில் விழும்படியே. அதோடு விட்டாரா? வாலாஜாபாத்தில் வரதராஜன் என்று ஒருவரைப் பிடித்தார். பழைய கார் வாங்குகிறவர்.

"வெள்ளிக்கிழமை காலையில வந்து பார்ப்பாரு. அதுக்குள்ள சரியாச்சுன்னா உன் இஷ்டம். இல்லன்னா வண்டி அவருக்கு, ராட்டை உனக்கு" என்றார்.

"வரச் சொல்லுங்க மாமா" என்றாள் வடிவாம்பாள்.

மெக்கானிக் யேசுதாஸ் நல்ல மனுஷன், உமாபதியின் சிநேகிதன். பிளக் மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பாயிண்டைத் தேய்த்தார். அவர் ஷெட்டில் மத்தியான வெயிலில் வண்டி சாதுவாக ஓடும். மறுநாள் விடிந்தால் மறுபடி உதறும். கடைசியில் அவரும் கையை விரித்தார். "வால்வு போயிருக்குதும்மா. எஞ்சினை இறக்கணும், வெள்ளிக்கிழமைக்குள்ள ஆவாது."

"ஏன் அண்ணே, வால்வுக்குக் காலை எது, மத்தியானம் எதுன்னு தெரியுமா?" என்று கேட்டாள் அவள். யேசுதாஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வெயிலில் சரியாகி ஈரத்தில் கெடுகிறது என்றால் கோளாறு எஞ்சினுக்குள்ளே இல்லை, வெளியே ஈரம் படுகிற இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டுவிட்டது. அந்த இடம் எது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை. தூறல். என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அண்ணே, சித்த வாங்க. லாந்தர் வேணாம். இருட்டுலதான் பாக்கணும்."

சந்துக் கொட்டகையில் வண்டியைக் கிளப்பினாள். அது வழக்கம்போல உதறியது. முன்பக்கம் வந்து பானட்டைத் தூக்கினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கு போட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று இருக்கிறதே, அதன் மூடியின் மேல் நீலமாக ஒரு பொறி புழுப் போல ஊர்ந்தது. அணைந்தது. மறுபடி ஊர்ந்தது. ஒரே தடத்தில்.

"அங்க என்னா இருக்குது?" என்றேன்.

"விபூதி" என்றாள்.

எனக்குப் புரிந்துபோயிற்று. ஆயுத பூஜையன்று குமாரசாமி தறிகளுக்கெல்லாம் விபூதிப் பட்டை இட்டுவிட்டு, அதே கிண்ணத்தோடு காருக்கும் வந்தார். விதவை பூஜைக்கு ஆகாது என்று அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தண்ணீரில் குழைத்த விபூதியை ஸ்டியரிங்கிலிருந்து பானட்டுக்குள் கண்ட இடம் வரை பட்டை பட்டையாக இழுத்தார். மூடியின் மேல் இழுத்த பட்டை ஒரு ஒயரிலிருந்து அடுத்த ஒயர் வரை பாலம் போட்டிருந்தது. மழை ஈரத்தை அது குடித்ததும் பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அந்தப் பாலத்தில் ஓடிப்போனது. யேசுதாஸ் ஏன் துடைக்கவில்லை என்று பிறகு கேட்டதற்கு, "உங்க சாமி சமாச்சாரம், வேதக்காரன் நான் எப்படி அழிக்கறது? படாம மூடி ஓரத்தைப் பிடிச்சித்தான் கழட்டி மாட்டினேன்" என்றார். அவர் மரியாதையை என்னவென்று சொல்ல!

வடிவாம்பாள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குமாரசாமியைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்ததும் பதறினார்.

"அதைத் தொடாத! ஏகாம்பரநாதர் சன்னிதி விபூதி. அழிச்சா குடும்பத்துக்கு ஆவாது."

"கீழ கொட்டினாத்தானே மாமா ஆவாது?"

மூடியைக் கழற்றி, பட்டையை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் ஏந்தினாள். ஒரு பொட்டுகூடத் தரையில் விழவில்லை. அதை அப்படியே தன் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தாள். கிரீஸ் கலந்து கறுத்த பட்டை. பிறகு பெட்ரோல் தொட்ட துணியால் மூடியைப் பளிச்சென்று துடைத்து, உலர்ந்ததும் மாட்டினாள்.

சாவியைத் திருப்பினாள். தூறல் விழுந்துகொண்டுதான் இருந்தது. எஞ்சின் இடறவில்லை, உதறவில்லை, சீராக ஓடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

"இந்தக் கை பட்டுத்தான் வண்டி கெட்டுதுன்னு தெருவெல்லாம் சொன்னீங்களே மாமா. அந்தப் பட்டைய இட்டது யார் கை?"

குமாரசாமி தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரா? குடையும் கையுமாக வரதராஜன் வந்து நின்றதும் முகம் மலர்ந்துவிட்டது. வரதராஜன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உதறுதுன்னீங்க, ஜம்முனு ஓடுதே! எடுத்துக்கறேன்" என்றார். "எடுத்துக்குங்க, நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் குமாரசாமி. சரியானால் உன் இஷ்டம் என்று அவளுக்குக் கொடுத்த வாக்கு எந்தப் பக்கம் போயிற்றோ! எனக்கு வந்த கோபத்தில் அவரை நாலு கேட்டிருப்பேன்.

வடிவாம்பாள் கோபப்படவில்லை. பின் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றாள் வரதராஜனிடம். ஓட்டிக் காட்டப் போகிறாள் என்று அவர் சந்தோஷமாக ஏறினார். எனக்கு மனசு கேட்காமல் முன்னால் தொற்றிக்கொண்டேன். ராஜவீதியில் அன்றைக்கு அவள் ஓட்டின ஓட்டம் இருக்கிறதே! டீக்கடையில் நின்றவன் ஒருத்தன் விடாமல் திரும்பிப் பார்த்தான், கறுத்த பட்டையும் நிமிர்ந்த தலையுமாக அவளை.

பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, அவளே இறங்கிக் கதவைத் திறந்தாள்.

"அதோ நிக்குது பாருங்க, வாலாஜாபாத் பஸ். மழை வலுக்கறதுக்குள்ள ஏறிடுங்க."

"அப்ப வண்டி?" என்றார் வரதராஜன்.

"வண்டிக்கு வேலை இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கின பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பட்டு எடுக்கவாம்மா? வாங்க, ஏறுங்க."