ஒரு அழைப்பு முடியும்வரை

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்தில் அவளை எல்லோரும் 'முகவரி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மையத்தின் கணினிகள் கிளவுடில், எங்கோ தொலைவில் வாடகைக்கு எடுத்த இடத்தில், இருந்தன. ஒரு கணினி இன்னொன்றைப் பெயர் சொல்லித்தான் தேடும். அந்தப் பெயருக்கு எந்த முகவரி எண் என்று சொல்வது டிஎன்எஸ் சர்வர். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மறந்துபோகும், சர்வர் பெயர் ஒன்றுகூட மறக்காது என்று கணவன் கேலி செய்வான்.

அவன் தங்கையும் அங்கேதான், மேல் மாடியில் அழைப்பு எடுக்கிறாள். மாமியார் யார் வீட்டில் இருப்பது என்ற சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. லிஃப்டில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள்.

அன்று காலை, கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்த பழைய டிஎன்எஸ் சர்வரை விட்டுக் கிளவுடில் வைத்த புதியதற்கு மாறும்படி அமைப்பைத் திருத்தியிருந்தாள். திருத்தினால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் ரீஸ்டார்ட் ஆகும்வரை பழையதையேதான் கேட்கும். அழைப்புகள் குறையும் மதியத்தில் ரீஸ்டார்ட் என்று ஏற்பாடு. அதற்குள் அங்கே மின்சார வேலை பார்த்தவர்கள் இணைப்பைப் பிடுங்க, பழைய சர்வர் அணைந்துபோனது. மறுபடி எழவில்லை.

மேலே வண்டிகளைக் காட்டும் வரைபடம் எல்லா மேசையிலும் வெளுத்தது.

அழைப்புகளைத் தாங்கியவை இரண்டு கணினிகள். முதலாவதில் யாரும் பேசாத நொடி பார்த்து ரீஸ்டார்ட் கொடுத்தாள். எழுந்தது, அதைச் சார்ந்த மேசைகளில் வரைபடமும் வந்தது. ஆனால் ஒற்றைக் கணினியால் சமாளிக்க முடியவில்லை. காத்திருப்போர் வரிசை நீண்டது.

"இன்னொன்னையும் போடும்மா!" மேலாளர் பின்னால் வந்து நின்றார்.

"அதுல ஒரு கால் ஓடுது சார். போட்டா கட் ஆயிடும்."

"ஒருத்தருக்காக இத்தன பேர நிக்க வைப்பியா? திரும்பக் கூப்பிடுவாங்க."

அந்தக் கால் ஓடியது நாத்தனாரின் மேசையில். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினாள்.

"நடு நெஞ்சுல அமுக்குங்க... நிறுத்தாதீங்க." நாத்தனார் மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "அண்ணி, கூப்பிட்ட பொண்ணோட அப்பாவுக்கு மூச்சே இல்லயாம். பொண்ணு தனியா இருக்கா. வண்டி எங்க வருதுன்னே எனக்குத் தெரியல!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முதல் கணினி வழியாக வரைபடத்தைத் திறந்தாள். "பாலம் தாண்டிடுச்சு. கதவு திறந்திருக்கான்னு கேளு."

"கதவு திறந்திருக்கா? சரி, கைய எடுக்காதீங்க."

மேலாளரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "இன்னும் போடலையா?"

"இந்தக் கால் முடியட்டும் சார். என்ன ஆனாலும் என் பேர்ல எழுதிக்குங்க."

வரிசையில் நிற்பவர்களில் யாருக்கு என்ன ஆகிறதோ என்று அவளும் வரிசையின் எண்ணிக்கையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வரைபடத்துக்குத் திரும்பினாள். மேலாளர் வாயெடுத்தவர், நாத்தனாரின் முகத்தைப் பார்த்து ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"தெருவுக்குள்ள திரும்பிடுச்சு. நின்னுடுச்சு!"

"வந்துட்டாங்களா? நீங்க தள்ளிக்குங்கம்மா, அவங்க பாத்துக்குவாங்க." நாத்தனார் இணைப்பை முடித்தாள். "இப்ப போடுங்க அண்ணி."

போட்டாள். கணினி எழுந்து, புதிய சர்வரிடம் பெயர் கேட்டுப் பதில் வாங்கியது. மீதி மேசைகளிலும் வரைபடம் திரும்ப வந்தது. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தாள்.

அந்த அப்பா பிழைத்தாரா என்று தெரியாது. மையத்துக்கு யாரும் வந்து சொல்வதில்லை. திருத்தத்தையும் ரீஸ்டார்ட்டையும் ஒரே வேளையில் முடித்திருக்க வேண்டும் என்று விசாரணையில் அவளைக் கண்டித்தார்கள். அவள் மறுக்கவில்லை. காத்திருந்தவர்களில் யாருக்கும் கேடு வரவில்லை என்று மறுநாள் மேலாளரே வந்து சொன்ன பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.