முத்திரை விழாத விமானப் புத்தகங்கள்

பிரிசில்லா ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. கடலூர் முதுநகரில் காலை ரயிலைப் பிடித்தால் சிதம்பரம். அங்கிருந்து கீரப்பாளையம் பக்கம் போகும் டவுன் பஸ். இறங்கி ஒரு கிலோமீட்டர் நடை. சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதேதான். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய்விட்டன, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படி ஏறாமல் ரயிலடிக்கு எப்படிப் போவது என்று அவர் சொல்லவில்லை.

அவள் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் யாராவது வேலை மெனக்கெட்டுப் போய்ப் புத்தகங்களின் பின்னட்டையைப் புரட்டிப் பார்ப்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். யாராவது புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் அந்தத் தாளில் தேதி முத்திரை விழ வேண்டும். மாதம் முடிந்ததும் எத்தனை புத்தகம் வெளியே போனது என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் ஏன் குறைந்தது என்று கடிதம் வரும். ஊரில் ஆளுக்கொரு போன் வந்துவிட்டதால் குறைந்தது என்று பதில் எழுத முடியுமா?

அதனால் மாதக் கடைசியில் பிரிசில்லா மேசைக்கு எட்டிய அடுக்கிலிருந்து கை கொண்ட மட்டும் நாவல்களை எடுத்துப் போட்டுக்கொண்டு முத்திரை குத்துவாள். முதல் தடவை குத்தியபோது வாசல் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் அதுவும் பெருக்குவது, துடைப்பது போல ஒரு வேலையாகிவிட்டது. இல்லாத வாசகர்கள் மாதம் தவறாமல் வந்து நாவல் எடுத்துப் போனார்கள்.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்த வீட்டில் முதன்முதலில் அரசாங்கச் சம்பளம் வாங்கியவள் இவள்தான், அதுவும் பத்து வருடம் தொகுப்பூதியத்தில் தொங்கிக்கொண்டிருந்து, பிறகுதான் நிரந்தரமானாள். வேலைக்கு வந்த புதிதில் ரயிலில் போக ஒரு புத்தகம், வர ஒரு புத்தகம் என்று படித்தவள். இப்போது உட்கார இடம் கிடைத்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன்னால் கணவன் ராஜவேலுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அவனைக் குளிப்பாட்டி, சோறு பிசைந்து மூடி வைத்துவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடுவாள். இனி அந்த வீடு அவளுடைய ஓய்வூதியத்தில்தான் நிற்க வேண்டும்.

நூலகத்துக்கு உண்மையாகவே தினமும் வந்த வாசகன் ஒருவன் உண்டு. சிங்காரம், நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு வருடம் வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் மூட்டை ஏற்றினான், விமானம் கழுவினான். முதுகு போன பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அரிசி ஆலையில் இரவுக் காவல். காலையில் வேலை முடிந்து நேராக நூலகத்துக்கு வந்து ஜன்னலோர மேசையில் உட்காருவான். ஆறு வருடமாக அவன் படித்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான், விமானம் வந்த கதை.

அந்த ஊருக்கு விமானத்தைப் பற்றி முப்பத்தேழு புத்தகம் எப்படி வந்து சேர்ந்ததென்று கேட்டால், பாதி சென்னையிலிருந்து மொத்தமாக வந்தவை, மீதி சிதம்பரத்தில் ஒரு பொறியாளர் இறந்தபோது வீட்டைக் காலி செய்ய அவர் மகள் கொடுத்தவை. அவற்றைச் சிங்காரம் தன் இஷ்டத்துக்கு அடுக்கி வைத்திருந்தான். எந்தப் புத்தகத்தை முதலில் படித்தால் அடுத்தது புரியும் என்பதுதான் அவன் வரிசை. ஆட்டையும் வாத்தையும் சேவலையும் கூடையில் வைத்துப் பறக்கவிட்ட பலூன் கதை முதலில். பிறகு முதல் விமானம் செய்த சைக்கிள் கடை அண்ணன் தம்பி. பிறகு தபால் விமானங்கள், சண்டை விமானங்கள், கடைசியில் ஜெட். நூலக எண்படி அது தப்பு. பிரிசில்லா ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தனாவது அடுக்கைத் தொடுகிறானே என்று விட்டுவிட்டாள்.

"மேடம், மொதமொதல்ல பன்னெண்டு செகண்டுதான் பறந்துருக்கான். நூத்தியிருவது அடி. நான் கழுவுன பிளேனுக்கு ரெக்கையே அதவிட நீளம்" என்பான் ஒருநாள்.

"அப்பிடியாப்பா?" என்பாள் அவள், ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று போனில் பார்த்தபடி.

"நம்ம அலகாபாத்துல 1911லயே பிளேன்ல தபால் போயிருக்கு மேடம். ஒலகத்துக்கே அதான் மொதோ தடவையாம். நமக்கு யாரும் சொல்லலியே!"

அவன் எந்தப் புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. "வூடு ஒழுவுது மேடம். வழவழப்புத் தாளு, நனைஞ்சா ஒட்டிக்கும்" என்பான். ஆங்கிலப் புத்தகங்களை அகராதி வைத்துக்கொண்டு நாளுக்கு ஒரு பக்கம் படித்தான். முப்பத்தேழில் இருபத்தொன்று முடித்திருந்தான்.

மாதக் கடைசியில் அவள் முத்திரை குத்துவதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஒருமுறை மை காய்ந்துபோனபோது, சிதம்பரம் போனவன் மைப்புட்டியே வாங்கி வந்து கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை. அவன் விமானப் புத்தகங்களை மட்டும் அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. நிஜமாகப் படிக்கிறவன் கையிலிருந்து வாங்கிப் பொய்த் தேதி குத்த அவளுக்கு மனசு வரவில்லை. அவளிடம் மிச்சமிருந்த ஒரே நேர்மை அதுதான். அதுவே வினையாகப் போகிறதென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

போன புயல் மழையில் நூலகச் சுவர் விரிசல் விட்டது. சமுதாயக் கூடத்தில் ஓர் அறை ஒதுக்கினார்கள். பழைய கட்டடத்தில் நான்கு அடுக்கு இருந்தது, புது அறையில் மூன்றுதான் கொள்ளும். பத்து வருடமாக முத்திரை விழாத புத்தகங்களாகப் பார்த்து நானூறைக் கழித்துக் கட்டவும் என்று உத்தரவு வந்தது. கழித்தவை காகித ஆலைக்குப் போகும். ராஜவேல் கீழே விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. கூட்டிப் பெருக்க வரும் மாரியம்மாளிடம், "பின்னாடித் தாள்ல சீல் இல்லாததா எடுத்து எண்ண எழுதி வச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள். பட்டியலில் எண்கள் மட்டும் இருந்தன, தலைப்பு இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வேனோடு இளவரசு என்ற அதிகாரி வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை, அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். மாரியம்மாள் பட்டியல்படி புத்தகங்களை எடுத்து மேசையில் அடுக்கினாள். பலூன் புத்தகம் வந்தது. சைக்கிள் கடை அண்ணன் தம்பி வந்தார்கள். சிங்காரம் கையில் விரித்து வைத்திருந்த புத்தகத்தைக் காட்டி, "அதுவும் லிஸ்டுல இருக்குது" என்றாள் மாரியம்மாள்.

பிரிசில்லா எழுந்து மேசைக்கு வந்தாள். "சார், இந்த முப்பத்தேழு மட்டும் வேணாம். இவரு தெனமும் இங்கயே ஒக்காந்து படிக்கிறாரு. அதான் சீல் இல்ல" என்றாள்.

"எனக்கும் சந்தோஷம்தாம்மா. ஆனா நானூறுன்னா நானூறு. இத விட்டா வேற முப்பத்தேழு குடுக்கணும், மிச்சம் இருக்கறது கதைப் புக்குதான்." இளவரசு நாவல் அடுக்குக்குப் போய் நாலைந்து பின்னட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் மாசா மாசம் போயிருக்கு. ஜனங்க விரும்பிப் படிக்கிறத எப்பிடிம்மா நான் கழிக்கிறது?"

அவள் பேசுவதென்றால் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அந்த முத்திரையெல்லாம் நான் குத்தியது, யாரும் படிக்கவில்லை. அதைச் சொன்னால் விசாரணை வரும். விசாரணை முடியாமல் ஓய்வு பெற விடமாட்டார்கள். ராஜவேலின் மாத்திரை, பிசியோதெரபிக்காரன், வீட்டு வாடகை எல்லாம் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வரிசையாக நின்றன. மேசையிலிருந்த முத்திரைக் கட்டையை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

இளவரசுவே ஒரு வழி கண்டுபிடித்தார். சிங்காரம் பக்கம் திரும்பினார். "நீங்கதான் தெனமும் இங்க இருக்கீங்களே. இந்தக் கதைப் புக்குல யாரும் தொடாதது எது எதுன்னு காட்டுங்க. அத எடுத்துட்டு ஒங்க புக்க விட்டுடறேன்."

சிங்காரம் எழுந்து நின்றான். விரலை நீட்டினால் போதும். எந்த அடுக்கைக் காட்டினாலும் அது உண்மையாகத்தான் இருக்கும். காட்டிய புத்தகத்தில் போன மாத முத்திரை இருக்கும், அதோடு அவள் கதை முடிந்தது. அவன் நாவல் அடுக்கைப் பார்த்தான். பிறகு பிரிசில்லாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

"எல்லாத்தயும்தான் எடுத்துட்டுப் போறாங்க சார். ஜனங்க ஜாஸ்தி வராங்க" என்றான் சிங்காரம்.

"அப்ப நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்றார் இளவரசு. அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. பட்டியலில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

வேன்காரன் ஒற்றை ஆளாக வந்திருந்தான். சிங்காரம்தான் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தான். "முதுகு வலிக்கும்பா, வுடு" என்று அவள் சொன்னது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கூழாகப் போகிற அந்த முப்பத்தேழு புத்தகங்களைக்கூடத் தன் வரிசை கலையாமல், பலூனிலிருந்து ஜெட் வரைக்கும், மூன்று கட்டாகச் சணல் கயிறு போட்டுக் கட்டினான். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கடைசியில் வைத்தான். அடையாளத்துக்குச் சொருகியிருந்த பஸ் டிக்கெட்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இளவரசு ஏறிக்கொண்டு வேன் போனதும் மாரியம்மாள் டீ வாங்கி வரப் போனாள். இருவர் மட்டும் இருந்தார்கள்.

"ஏன்பா அப்பிடிச் சொன்ன?" என்றாள் பிரிசில்லா.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் மேடம். நீங்க சொல்லல. அப்பறம் நான் சொன்னா நல்லாருக்குமா? வூட்டுக்காரரு வேற அப்பிடிக் கெடக்கறாரு."

அவன் திட்டியிருந்தால் அவளும் எதையாவது சொல்லி அழுதிருப்பாள். அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. தான் தப்பித்துவிட்டதற்காகத் தன் மனசுக்குள் நிம்மதி எட்டிப் பார்த்ததையும் அவள் கவனித்தாள். அதைவிடக் கேவலமாக அவள் தன்னை எப்போதும் உணர்ந்ததில்லை.

அவன் அகராதியை மேசையிலிருந்து எடுத்து அதன் இடத்தில் வைத்தான். வெளியே போய்ச் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளினான். அவள் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"நாளைக்கு வருவியாப்பா?"

"வந்து என்னா மேடம் படிக்கறது? நீங்களே சொல்லுங்க, நல்ல புக்கா ஒண்ணு."

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். பிரிசில்லா உள்ளே திரும்பிப் பார்த்தாள். மூன்று அடுக்கு நிறையப் புத்தகங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அவள் கை பட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடம் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் வாயில் ஒரு புத்தகத்தின் பெயரும் வரவில்லை.