தீப்பெட்டியில் சிரித்தவர்

எதிர்ச் சுவரில் பழைய சினிமா போஸ்டர் மேலேயே புதுசை ஒட்டுகிறார்கள். மைதாப் பசை வாடை ஜன்னல் வழியாக வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம், சாத்தூர். எனக்கு ஒன்பது வயசு. பெரியம்மாவும் நானும் வீட்டில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவோம். லேபிளில் ஒரு நடிகை சிரிப்பார். அவர் நடித்த படங்கள் வரிசையாகப் படுத்ததும், கம்பெனியிலிருந்து வேறொரு நடிகையின் லேபிள் வந்தது.

“ஒட்டுன பெட்டிய என்ன செய்ய, பெரியம்மா?”

“அவுக மேலயே இவுகள ஒட்டு தாயி.”

அந்த ஆடியில் இருக்கன்குடிக் கோயில் வரிசையில், எங்களுக்கு முன்னால் அந்தப் பழைய லேபிள் நடிகையே முக்காடு போட்டு நின்றார். பெரியம்மா பூரித்துப்போனாள். “நல்லா இருக்கீகளா? உங்க தீப்பெட்டிக்கு நாங்கதான் லேபிள் ஒட்டுறோம்.”

அவர் முகம் மலர்ந்தது. “இன்னும் என் படம் வருதா?”

நான் முந்திக்கொண்டேன். “இல்ல, உங்க மேல வேற ஆள ஒட்டியாச்சு. நாந்தான் ஒட்டுனேன்.”

பெரியம்மா என்னைக் கிள்ளினாள். அவர் குனிந்து, பசை காய்ந்த என் விரல்களைப் பார்த்தார்.

“நல்லா ஒட்டினியாம்மா? நான் கொஞ்சங்கூட வெளிய தெரியலையே?”

“தெரியல” என்றேன், பெருமையாக.

வெளியே போஸ்டர் ஒட்டி முடித்துவிட்டார்கள். இத்தனை நாள் எதிரிலேயே இருந்த பழைய போஸ்டரில் யார் முகம் இருந்தது என்று யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை.