மண்டையோட்டுக்கு வெள்ளைப் பெயின்ட்

வடமராட்சி கிழக்கு, உச்சி வெயில். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, இரைச்சல் இல்லை. மணல்மேட்டில் எங்கோ ஓர் ஆள்காட்டிக் குருவி மட்டும் விடாமல் கத்துகிறது. என்னைக் கூட்டிவந்த சரணாலயக் காவலர், மிதிவெடி எச்சரிக்கைப் பலகையில் மங்கிப்போன மண்டையோட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் பூசுகிறார்.

"வெடி இன்னும் கிடக்கோ, அண்ணை?"

"சீச்சீ, எல்லாம் எப்பவோ எடுத்திட்டாங்கள். பலகையைத்தான் நான் கழட்டேல்லை. இதைக் கண்டாத்தான் மண் அள்ள வாற ட்ரக்டர் திரும்பிப் போகும். ஆள்காட்டி வெறும் மண்ணிலையெல்லோ முட்டை இடுறது."

பெயின்ட் வாளியோடு திரும்புகிறோம். முன்னால் போகிறவர், வந்தபோது பதிந்த தன் காலடிகளிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக் கால் வைக்கிறார்.

அவர் கால் எடுத்த குழியில் என் காலை வைக்கிறேன்.