பனியோடு நகராதவை

பனிக்கட்டியை நான் நேரில் பார்த்ததெல்லாம் ஐஸ் கச்சாங் இனிப்புக் கிண்ணத்தில்தான். ஆனால் எங்கள் ஊரான ஜெலுத்தோங்கில், ஒரு மோட்டார் பட்டறையின் மேல்மாடியில் உட்கார்ந்து வடதுருவக் கடல்பனியைச் சுத்தம் செய்வதுதான் என் பிழைப்பு. அங்கே பனிக்கு மேல் விமானம் லேசர் கதிர்களை வீசிக்கொண்டே பறக்கும். பட்டுத் திரும்பும் ஒவ்வொரு கதிரும் என் திரையில் ஒரு புள்ளி. மேடு சிவப்பு, சமதளம் நீலம். விரிசலில் கிடக்கும் தண்ணீர் எதையும் திருப்பித் தராது, அங்கே வெறும் கறுப்பு.

கடலில் பனி மிதந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரே இடத்தின் மேல் விமானம் திரும்பத் திரும்பப் பறந்து எடுத்த பதிவுப் பட்டைகளை, பனி ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்படி இழுத்துப் பொருத்துவோம். அப்படியும் இடம் மாறியிருப்பது எதுவானாலும் குப்பை, அழித்துவிட வேண்டும்.

பக்கத்து மேசை அக்காவின் தம்பி அந்தக் கடல்பனிக்குப் போன ஓர் ஆய்வுக் கப்பலில் சமையல்காரர். ஒருநாள் பனியில் இறங்கி நடந்தவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. "கண்ணால பாக்காம எம்புள்ளைக்கு எள்ளும் தண்ணியும் எறைக்க மாட்டேன்" என்று புக்கிட் மெர்தாஜாமில் அவர்கள் அம்மா பிடிவாதமாக இருந்தார். அக்கா அந்த நாளின் விமானப் பதிவைக் கேட்டு வாங்கினார். பிறகு திறக்கப் பயந்து என்னிடம் தள்ளினார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான்.

முதல் பட்டையில், கப்பலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஆள் உயரத்துக்குச் சில புள்ளிகள் தனியாக நின்றன. இரண்டாவதில் அவை கறுப்பை நோக்கி நகர்ந்திருந்தன. மூன்றாவதில் கறுப்பின் விளிம்பில். கடைசிப் பட்டையில் விளிம்பு உடைந்திருந்தது. புள்ளிகள் இல்லை.

"கரடியா இருக்கும்லா, அக்கா."

"கரடி இப்படி நிமிந்து நிக்குமா தம்பி?" எப்போது பின்னால் வந்து நின்றாரோ தெரியாது. "பின்னால இருந்து ஓட்டு."

கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினேன். கறுப்புக்குள்ளிருந்து அவர் எழுந்து வந்து, கப்பலை நோக்கி நடந்தார். அக்கா மறுபடியும் ஓட்டச் சொன்னார். மறுபடியும் எழுந்து வந்தார். திரையை அணைத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அக்கா கைப்பேசியை எடுத்து அம்மாவை அழைத்தார்.

"பாத்துட்டேன்மா. நம்ம தம்பிதான். காரியத்துக்கு நாள் குறிக்கச் சொல்லுங்க."

கைப்பேசியில் அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"எங்கடி போய்க்கிட்டு இருந்தான்?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கயும் போகலம்மா. திரும்பித்தான் வந்துக்கிட்டு இருந்தான்."