மண்டோர் இளைத்ததும் போலீஸ் வந்ததும்

எடை குறைக்கச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில், தட்டில் இருக்கும் சோற்றோடு அல்ல, தட்டைச் சுற்றி நிற்கும் ஆட்களோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்று கெஞ்சுகிற அன்பிடம் தோற்றுப்போனவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

சிங்கப்பூரில் யுனிவர்சிட்டியில் விஞ்ஞானம் படிக்கிறேன். போன பெரிய லீவில் மலாயாவில் கெமாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், என் சித்தப்பா டிரசராக, அதாவது பாதி டாக்டராக, இருக்கும் மருந்துக்கூடத்துக்கு உதவிக்குப் போனேன். வெள்ளை உடுப்பைப் போட்ட மறுநிமிஷமே எல்லோருக்கும் நான், நர்ஸைக் கூப்பிடுவதுபோல, 'மிஸ்ஸி' ஆகிவிட்டேன். புண்ணுக்கு மருந்து கட்டுவது, காய்ச்சல் மாத்திரை கொடுப்பது போக, சித்தப்பா என் தலையில் கட்டிவிட்ட ஆள், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையா. அவருக்குக் குடலிறக்கம். சிரம்பான் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "இளைத்துவிட்டு வா, அப்புறம்தான் ஆப்பரேஷன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இறங்கின குடல் என்றைக்காவது சிக்கிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் ஆள் போய்விடுவார் என்று சித்தப்பா என்னிடம் தனியாகச் சொன்னார்.

தராசில் ஏறிய மண்டோர்

மருந்துக்கூடத்தில் இருந்த தராசு பிள்ளைகளுக்கானது. மண்டோரை அதில் நிறுத்துவது தராசுக்குச் செய்யும் துரோகம். அதனால் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். அந்த நேரம் பார்த்து மரப்பட்டையை வெட்டிப் பால் எடுக்கிற ஆட்களெல்லாம் பால் வாளிகளோடு வரிசையில் நிற்கிறார்கள். மண்டோர் வாளியைக் கலக்கிப் பார்த்து "தண்ணி" என்று ஒரு வார்த்தை சொன்னால் கணக்கெழுதும் கிராணி எடையைக் குறைத்துவிடுவார். அந்தக் கோபம் அவர்களுக்கு வெகுநாளாக உண்டு.

மண்டோர் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறி நின்றார். மூச்சை அடக்கினால் எடை குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கிராணி பேனாவை எடுத்ததுதான் தாமதம், வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "கிராணியையா, அப்படியே எழுதிடாதீங்க லா! இதுலயும் தண்ணி கலந்திருக்கும், கழிச்சுப் போடுங்க!"

ஓட்டை போட்ட டின்

அவருக்குக் கலோரி என்றால் என்ன என்று விளக்கினேன். சாப்பாடு விறகு, வேலை நெருப்பு. மரம் வெட்டின காலத்தில் விடியலிலிருந்து மத்தியானம் வரை மேடு பள்ளம் ஏறி இறங்கினீர்கள், நெருப்பு நன்றாக எரிந்தது. மண்டோர் ஆகி சைக்கிளில் உட்கார்ந்ததும் நெருப்பு சின்னதாகிவிட்டது. விறகு மட்டும் பழையபடி வருகிறது. எரிக்க வழியில்லாமல் இடுப்பைச் சுற்றி அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அழகாகத் தலையாட்டினார். என் பேராசிரியர்கூட அவ்வளவு ரசித்துக் கேட்டதில்லை.

மறுவாரம் எடை ஏறியிருந்தது. விசாரித்தால், கட்டிப்பால் டின்! காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரக்கூடாது என்று, இப்போதெல்லாம் கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஓட்டை போட்டதை இரண்டு நாள் வைத்தால் எறும்பு, மூன்றாம் நாள் நாற்றம். மனுஷர் வீணாகக்கூடாதே என்று ஒரே மூச்சில் முழு டின்னையும் டீயில் கொட்டிக் குடித்திருக்கிறார். "அடுத்த வீட்டுக்குப் பாதி கொடுத்திருக்கலாமே?" என்று நான் கத்த, அவர் கைகளை விரித்தார்: "கவர்மெண்டு டின்னைத் தொறந்து குடுக்குது, நீங்க வாயை மூடச் சொல்றீங்க. நான் யாரு பேச்சைத்தான் கேக்குறது மிஸ்ஸி?"

ஒரு சுற்றுக்கு இரண்டு வடை

வாயை அடக்க முடியாதவர் காலையாவது ஆட்டட்டும் என்று, சாயங்காலம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றியுள்ள முள்கம்பி வேலியோரமாக நடக்கச் சொன்னேன். நடந்தார். வேர்க்க வேர்க்க நடந்தார். நடந்து முடித்ததும் நேரே கடைக்குப் போய், பட்ட பாட்டுக்குப் பரிசாக இரண்டு வடையும் ஒரு டீயும் உள்ளே தள்ளினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு சுற்று நடந்தால் ஒரு வடைகூடக் கரையாது. நாக்கு ஒரு நிமிஷத்தில் ஏற்றுவதை இறக்கக் கால் எத்தனையோ நேரம் பாடுபட வேண்டும். இதை மண்டோரிடம் மேசையைத் தட்டிச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வடையும் திங்காம, நடக்கவும் நடக்காம இருந்துட்டா? ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்ஸி?"

அரைச் சோறும் வேலியும்

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். வடை இல்லை; நடை உண்டு; சோறு பாதி. எங்கள் எஸ்டேட்டில் வீட்டில் யாரும் அரிசி வைத்துக்கொள்ளக்கூடாது. பொதுச் சமையல்கூடத்தில் பொங்கி, தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். அளந்து வந்ததில் பாதியை மட்டும் சாப்பிடுவதாக மண்டோர் சத்தியம் செய்தார். செய்தும் காட்டினார். இடுப்பு வாரில் புதுசாக ஓட்டை குத்த வேண்டியதாயிற்று. நான் ஏதோ பட்டமே வாங்கிவிட்டதுபோல எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கேட்டில் ஆட்களைச் சோதிக்கிற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் கோவிந்தன் ஒருநாள் என்னை நிறுத்தினார். வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மண்டோர் அடிக்கடி நிற்கிறாரே, ஏன் என்று கேட்டார். "வலிக்கிறது, நின்று நின்றுதான் நடப்பார்" என்றேன். கோவிந்தன் குரலைத் தாழ்த்தினார். "வர்ற சோத்துல பாதிதான் திங்கிறாராம். பொழுது சாயற நேரமா வேலியோரம் போறாரு. காட்டைப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. நாளுக்கு நாள் எளைக்கிறாரு. நீங்க படிச்சவங்க, இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க மிஸ்ஸி."

என் வாதமும் செல்லம்மாவின் ரவிக்கையும்

இரண்டாம் நாள் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். மலாய்க்காரர், மரியாதையான மனிதர். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. காட்டுக்குச் சோறு கொடுத்தவரை லோரியில் ஏற்றினால் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. இந்த மனிதருக்கோ குடல் வேறு எந்த நேரம் சிக்கும் என்று தெரியாது.

சித்தப்பா கண்ணைக் காட்டியும் கேட்காமல் நான் முன்னால் போய் நின்றேன். மலாயில் வாதாடினேன். உள்ளே போவது குறைந்து உழைப்பு கூடினால் உடம்பு இளைத்தே ஆக வேண்டும், இது விஞ்ஞானம், குற்றமல்ல என்றேன். இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். பிறகு அமைதியாக, "நீங்கள் சொல்வதை அப்படியே நம்புகிறேன். அவர் பாதிதான் சாப்பிடுகிறார். அப்படியானால் மற்றப் பாதி எங்கே?" என்றார்.

நான் பேசப் பேச அவர் குற்றச்சாட்டு பலமாகியிருக்கிறது! மண்டோர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவருக்கே தெரியவில்லை. வீட்டு வாசலில் அவருடைய பெண்சாதி செல்லம்மா முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்து மரம் வெட்டினவள்.

"செல்லம்மாக்கா, மிச்சச் சோறு எங்கே?" என்றேன். அவள் தலை குனிந்தாள். கோவிந்தன் துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கம் கையைக் காட்டினார். அப்போதுதான் அவள் வெடித்தாள்: "நான்தான் தின்னேன்! கொட்ட மனசு வரல. இத்தனை வருசமா அவருக்குப் போட்டுட்டு நான் தண்ணிச் சோறு குடிச்சவ. சுடச்சுட மிஞ்சினா என்ன பண்ணச் சொல்றீங்க?"

சாட்சி வேண்டுமே. அவளை உள்ளே அழைத்துப் போய்ப் பார்த்தேன். ரவிக்கையின் இரண்டு பக்கத் தையலையும் பிரித்துத் துணி ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தாள். பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. கையிலும் அப்படியே. கழற்றி வாங்கி, மடித்து, வெளியே கொண்டுவந்து இன்ஸ்பெக்டர் முன் விரித்துக் காட்டினேன். அவர் துளைகளைப் பார்த்தார். மண்டோர் தொளதொளவென்று பிடித்திருந்த கால்சட்டையைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "கலோரி வீட்டைவிட்டே வெளியே போகவில்லை, மிஸ்ஸி. ஆனால் இனிமேல் அவர் நடக்கும்போது என் கான்ஸ்டபிள் கூடவே நடப்பான்."

மூன்று பேர் நடை

என் வாதம் சரியான வாதம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன்; செல்லம்மாவைச் சேர்த்துக்கொள்ளாததுதான் குறை. உடனே சேர்த்துக்கொண்டேன். மண்டோர், அவர் பின்னால் செல்லம்மா, அவள் பின்னால் துப்பாக்கியோடு கோவிந்தன். மண்டோர் வலி தாங்காமல் நின்றால் செல்லம்மா கையைக் கொடுப்பாள். ஊரே பார்க்கக் கைகோத்துப் போவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. கோவிந்தன் அந்த நேரத்தில் நாகரிகமாகக் காட்டைப் பார்த்துக்கொள்வார். மிஞ்சும் சோற்றை, பால் குடிக்கும் பிள்ளையோடு பக்கத்து லயத்தில் இருந்த ஒருத்திக்கு, கோவிந்தன் கண்முன்னாலேயே கொடுக்க ஏற்பாடு செய்தோம்.

லீவு முடியுமுன் டாக்டர் கத்தி வைக்கச் சம்மதித்துவிட்டார். ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் பார்க்கப் போனேன். செல்லம்மா கட்டிலருகில் அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பிழைத்துக்கொண்டார் என்ற சந்தோஷத்தில் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மண்டோர் மெல்லக் கண்ணைத் திறந்து, என்னைக் கண்டுபிடித்து, கிசுகிசுத்தார்: "நல்லா அழுத்தித் தச்சுட்டாங்களாம் மிஸ்ஸி. இனிமே முழுச் சோறு தாங்கும்தானே?"

ஒருவரை இளைக்க வைக்க ஒரு டாக்டர், ஒரு டிரசர், ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு துப்பாக்கி எல்லாம் வேண்டியிருக்கிறது. மறுபடி பெருக்க வைக்க அவர் மேல் பிரியமுள்ள ஒரு பெண்சாதி போதும்.